கறுப்புக் கண்ணாடியைக் கீறினால் இசை கேட்கும்!

மாஸ்கோ செல்லும் சுற்றுலாப் பயணிகளின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். செஞ்சதுக்கம், கிரெம்ளின், வண்ண வண்ணக் குவிமாடங்களோடு நிற்கும் புனித பசீல் தேவாலயம், போல்ஷோய் தியேட்டர். இரண்டு நாள்களில் இவற்றைப் பார்த்துவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மத்ரியோஷ்கா பொம்மைகளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இன்னும் ஒரு நாள் கையில் இருப்பவர்களுக்கு, மெட்ரோவிலும் கால்நடையாகவும் போய்வரக்கூடிய வேறொரு வழி இருக்கிறது. ஓர் ஓவியக்கூடம், ஓர் இசைக்கலைஞரின் வீடு, ஓர் இசை மியூசியம். மூன்றையும் இணைப்பது ஒரே ஒரு கேள்விதான்: ஓவியத்தைக் காதால் கேட்க முடியுமா?

முடியும் என்று நம்பிய ராணுவ இன்ஜினீயர் ஒருவர், அதற்காக ஒரு சிந்தசைசரையே உருவாக்கினார். அந்த வகையில் இன்று உலகில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அது இருப்பது மாஸ்கோவில்.

முதல் நிறுத்தம்: வர்ணங்களின் கச்சேரி

மாஸ்கோ நதிக்கரையில், கோர்க்கி பூங்காவுக்கு எதிரே இருக்கிறது 'புதிய ட்ரெட்யாகோவ்' ஓவியக்கூடம். 'பார்க் குல்தூரி' மெட்ரோ நிலையத்தில் இறங்கி, கிரிமியப் பாலத்தின் மீது நடந்து ஆற்றைக் கடந்தால் வந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில், சோவியத் ஆட்சி முடிந்த பிறகு வீதிகளிலிருந்து அகற்றப்பட்ட தலைவர்களின் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பார்க்கவே தனிக் கூட்டம் வருகிறது.

இந்த ஓவியக்கூடத்தில் 20-ம் நூற்றாண்டு ரஷ்ய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கண்டின்ஸ்கியின் 'கம்போசிஷன் 7'. இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். அதில் மரம் இல்லை, மனிதர் இல்லை, வீடு இல்லை. சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒன்றோடொன்று மோதி, வளைந்து, தெறித்துக்கொண்டிருக்கின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, 1913 நவம்பரில் நான்கே நாள்களில் கண்டின்ஸ்கி இதை வரைந்து முடித்தார்.

ஓவியத்துக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? 'கம்போசிஷன்' என்பது இசையில் புழங்கும் சொல். கண்டின்ஸ்கிக்கு வர்ணமும் ஒலியும் வேறு வேறு அல்ல. மாஸ்கோவில் பிறந்து, சட்டம் படித்தவர் அவர். போல்ஷோய் தியேட்டரில் வாக்னரின் 'லோஹெங்க்ரின்' இசை நாடகத்தைக் கேட்டபோது, தன் கண்முன் வர்ணங்களும் கோடுகளும் எழுந்ததாகப் பின்னாளில் எழுதினார். 1896-ல், 30 வயதில், சட்டத்தை விட்டுவிட்டு ஓவியம் கற்க ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய்விட்டார். மஞ்சள் என்றால் ட்ரம்பெட், வெளிர்நீலம் என்றால் புல்லாங்குழல், அடர்நீலம் என்றால் செல்லோ என்று நிறங்களுக்கு வாத்தியங்களை ஒப்பிட்டுப் புத்தகமே எழுதினார். வெள்ளை, இனி ஏதோ பிறக்கப்போகும் மௌனம். கறுப்பு, எல்லாம் முடிந்துபோன மௌனம். இந்தக் கறுப்பு மௌனத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பயணத்தின் கடைசி நிறுத்தத்தில் அது மறுபடியும் வரும்.

இதே ஓவியக்கூடத்தில்தான் மாலேவிச்சின் 'கறுப்புச் சதுரம்' இருக்கிறது. 1915-ல் வரையப்பட்டது. பக்கத்துக்கு 80 சென்டிமீட்டர்கூட இல்லாத சிறிய சதுரம், அதில் கறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. 'இதை நானே வரைவேனே' என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அருகில் போய்ப் பார்த்தால், கறுப்புப் பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். வெடிப்புகளுக்குள் வேறு நிறங்கள் எட்டிப்பார்க்கும். இந்தக் கறுப்புக்கு அடியில் இரண்டு வண்ண ஓவியங்கள் மறைந்திருப்பதை, 2015-ல் ஓவியக்கூடத்தின் ஆய்வாளர்கள் எக்ஸ்ரே மூலம் கண்டுபிடித்து அறிவித்தார்கள்.

இன்று பெருமையோடு மாட்டப்பட்டிருக்கும் இந்தக் 'கறுப்புச் சதுரம்', சோவியத் காலத்தில் பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்தது. உழைக்கும் மக்களுக்குப் புரியாத ஓவியம் எதற்கு என்பது அன்றைய அரசின் நிலை. 1962 டிசம்பர் 1-ம் தேதி, கிரெம்ளினை அடுத்துள்ள 'மனேஷ்' அரங்கில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு வந்தார் சோவியத் தலைவர் குருஷேவ். அங்கிருந்த நவீன ஓவியங்களைப் பார்த்துக் கொதித்துப்போய், ஓவியர்களை நேருக்கு நேர் திட்டித்தீர்த்தார். அதன் பிறகு அரூப ஓவியம் வரைபவர்களுக்குப் பொது இடத்தில் கண்காட்சி வைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது.

இரண்டாவது நிறுத்தம்: வண்ண பல்புகள் எரிந்த வீடு

அடுத்து அர்பாத். வாகனங்கள் நுழையாத பழைய கடைவீதி. தெருவோர ஓவியர்கள், கிடார் வாசிப்பவர்கள், நினைவுப்பொருள் கடைகள் என எப்போதும் கலகலப்பு. அங்கிருந்து பக்கத்துச் சந்துக்குள் திரும்பினால் சத்தம் அடங்கிவிடும். அந்தச் சந்தில்தான் இசையமைப்பாளர் அலெக்ஸாண்டர் ஸ்க்ரியாபின் 1912 முதல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு இருக்கிறது. 1922 முதல் அது மியூசியம். அவருடைய பியானோ, புத்தகங்கள், மேஜை, நாற்காலிகள் எல்லாம் இருக்கின்றன.

இங்கே தவறவிடக் கூடாத பொருள், பார்வைக்கு மிகச் சாதாரணமான ஒன்று. வட்டமான மரப்பலகை. அதில் சுற்றிவர வண்ண பல்புகள். நம்மூர்க் கல்யாண வீட்டு சீரியல் செட்டுக்குத் தாத்தா என்றே சொல்லலாம். ஸ்க்ரியாபின் பியானோ வாசிக்கும்போது, ஸ்வரத்துக்கு ஏற்றபடி பல்புகளை எரியவிட்டுப் பார்ப்பதற்காகச் செய்தது. 'ப்ரொமித்யூஸ்' என்ற தன் சிம்பொனியில் வயலினுக்கும் ட்ரம்பெட்டுக்கும் எழுதியதுபோலவே வெளிச்சத்துக்கும் தனியாக ஒரு வரியில் ஸ்வரக்குறிப்பு எழுதியிருந்தார். எந்த இடத்தில் அரங்கம் எந்த நிறத்தில் ஒளிர வேண்டும் என்பதை அந்த வரி சொல்லும்.

1911-ல் மாஸ்கோவில் அந்த சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியபோது ஒளி அமைப்பு இல்லாமலேயே வாசித்தார்கள். வண்ண ஒளியோடு அது நிகழ்ந்தது 1915 மார்ச்சில், நியூயார்க்கில். ஸ்க்ரியாபின் அங்கே இல்லை. அடுத்த மாதமே, உதட்டில் வந்த ஒரு கட்டி விஷமாகி ரத்தத்தில் கலந்து, 43 வயதில் இந்த வீட்டில் இறந்துபோனார். தன் இசை அரங்கம் முழுக்க வர்ணமாக எரிவதை அவர் பார்க்கவே இல்லை. இந்த பல்புப் பலகைதான் அவர் கண்ட வெளிச்சம்.

இந்த வீட்டுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அடையாறில் ஆலமரத்துக்குப் பெயர்பெற்ற பிரம்மஞான சபை இருக்கிறதல்லவா? அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூல்களை ஸ்க்ரியாபின் விரும்பிப் படித்தார். ஒலி, ஒளி, நறுமணம், நடனம் எல்லாம் கலந்த ஒரு மாபெரும் நிகழ்ச்சியை இமயமலை அடிவாரத்தில் நடத்த வேண்டும் என்பது அவருடைய கடைசிக் கனவு. அது கைகூடவில்லை. பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெட்பீட்டருடன் சேர்ந்து 'எண்ண வடிவங்கள்' என்ற நூலை வெளியிட்டார். ஓர் இசை ஒலிக்கும்போது அது வெளியில் எப்படிப்பட்ட வடிவத்தையும் நிறத்தையும் எழுப்பும் என்பதைக் காட்டும் வண்ணப் படங்கள் அதில் இருந்தன. உருவமே இல்லாத, வெறும் வர்ணமும் வளைவும் கொண்ட படங்கள். அந்த நூலை அறிந்து வைத்திருந்தவர்களில் கண்டின்ஸ்கியும் ஒருவர்.

இனிஷியலே பெயரானது

1938-ல் மாஸ்கோவில் ஓர் இளம் இன்ஜினீயருக்கு ஒரு யோசனை தோன்றியது. பெயர் எவ்கெனி முர்ஸின். வயது 24. ஸ்க்ரியாபின் இசை மீது பித்தாக இருந்தவர். பியானோவிலோ வயலினிலோ இல்லாத ஒலிகளை, வாசிப்பவர் யாரும் இல்லாமல், இசையமைப்பாளரே நேரடியாக உண்டாக்க வேண்டும். ஓவியர் தூரிகையோடு திரைச்சீலை முன் நிற்பதுபோல அவர் தன் இசையின் முன் நிற்க வேண்டும். இதுதான் யோசனை.

அடுத்து வந்தது உலகப்போர். ராணுவத்துக்காகப் பீரங்கிகளைக் குறிபார்க்க உதவும் கருவிகளை வடிவமைக்கும் வேலை முர்ஸினுக்கு. பகலெல்லாம் பாதுகாப்புத் துறைப் பணி. இசைக் கருவிக்குக் கிடைத்ததெல்லாம் மிச்ச நேரம்தான். 1938-ல் மனதில் விழுந்த விதை, வேலை செய்யும் இயந்திரமாக எழுந்து நின்றபோது 1950-களின் கடைசி ஆகிவிட்டது. ஏறத்தாழ 20 ஆண்டுகள்!

அந்தக் கருவிக்கு முர்ஸின் வைத்த பெயர் 'ஏ.என்.எஸ்.' அலெக்ஸாண்டர் நிகொலாயெவிச் ஸ்க்ரியாபின் என்ற முழுப்பெயரின் முதல் எழுத்துகள். தலைவர்களையும் வாத்தியார்களையும் இனிஷியலாலேயே அழைத்துப் பழகிய தமிழர்களுக்கு இந்த மரியாதை எளிதில் புரியும்.

மூன்றாவது நிறுத்தம்: பீரோ அளவு வாத்தியம்

ஏ.என்.எஸ்ஸைக் காண 'மாயகோவ்ஸ்கயா' மெட்ரோ நிலையத்தில் இறங்கலாம். இறங்கியதும் ஓடிவிடாமல், தலையை உயர்த்திக் கூரையைப் பார்க்க வேண்டும். நீள்வட்டக் குழிகளுக்குள் வானமும் விமானங்களும் பாராசூட் வீரர்களுமாக, தெய்னேகாவின் மொசைக் ஓவியங்கள். இந்த நிலையம் திறக்கப்பட்டதும் 1938-ல்தான். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஃபதேயெவ் தெரு. அந்தத் தெருவில்தான் கிளின்கா பெயரால் அறியப்பட்ட தேசிய இசை மியூசியம் இருக்கிறது. உலகின் பல நாட்டு வாத்தியங்கள் அங்கே சேகரித்து வைக்கப்பட்டுள்ளன. அந்த வாத்தியங்களுக்கு நடுவே பீரோக்களை ஒட்டி நிறுத்திவைத்ததுபோல ஒரு பெரிய இயந்திரம். அதுதான் ஏ.என்.எஸ். கீபோர்டு கிடையாது, தந்தி கிடையாது. முன்பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பலகை மட்டும்.

இது எப்படி வேலை செய்கிறது? பழைய சினிமா ப்ரொஜெக்டரைத் தெரிந்தவர்களுக்கு விளங்குவது சுலபம். படச்சுருளில் காட்சிகளுக்கு ஓரமாக மெல்லிய கோடுபோல ஒலித்தடம் ஓடும். அதன் வழியே விளக்கொளி பாயும்போது ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும். அந்தத் துடிப்பை ஃபோட்டோசெல் மின்சாரமாக மாற்ற, ஸ்பீக்கரில் வசனமும் பாட்டும் கேட்கும். அதே தத்துவம்தான் இங்கும்.

ஏ.என்.எஸ்ஸுக்குள் ஐந்து கண்ணாடித் தட்டுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. ஒவ்வொன்றிலும் 144 வட்ட ஒலித்தடங்கள். மொத்தம் 720 தூய ஒலிகள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை இந்த 720 ஒலிகளும் ஒளித் துடிப்புகளாக உள்ளே எப்போதும் தயாராக இருக்கும். ஆனால், வெளியே ஒன்றும் கேட்காது. காரணம், முன்னால் இருக்கும் கண்ணாடிப் பலகை முழுக்கக் கறுப்புப் பசை பூசப்பட்டிருக்கிறது. ஒளி அதைத் தாண்டி வர முடியாது.

இசையமைப்பாளர் செய்ய வேண்டியது, எழுத்தாணியால் ஓலையில் கீறுவதுபோல அந்தக் கறுப்புப் பசையைக் கீற வேண்டியதுதான். கீறிய இடத்தில் ஒளி நுழையும். நுழைந்த ஒளி ஒலியாக மாறும். பலகையின் கீழ்ப்பகுதியில் கீறினால் கனத்த ஒலி, மேலே போகப்போகக் கீச்சொலி. படுக்கைவாட்டில் ஒரு கோடு இழுத்தால், ஒரே ஸ்வரம் நீண்டு ஒலிக்கும். சாய்வாக மேல்நோக்கி இழுத்தால், வீணையில் கமகம் வழுக்குவதுபோல ஒலி வழுக்கிக்கொண்டு மேலேறும். ஒரு பெரிய திட்டாகச் சுரண்டிவிட்டால், நூற்றுக்கணக்கான ஒலிகள் ஒரே நேரத்தில் அலையாக எழும். பலகையை வேகமாகவோ மெதுவாகவோ நகர்த்தலாம். அப்படியே நிறுத்தியும் வைக்கலாம். நிறுத்தினால், அந்தக் கணத்தின் ஒலி மட்டும் உறைந்துபோய் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு ஸ்தாயிக்கு 12 ஸ்வரஸ்தானங்கள் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. முர்ஸின் அந்த ஒவ்வொன்றையும் ஆறாகப் பிரித்தார். ஆக, ஸ்தாயிக்கு 72. 72 என்றதும் மேளகர்த்தா ராகங்கள் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் தொடர்பு இல்லை, எண் மட்டும்தான் ஒன்று. பக்கத்துப் பக்கத்து ஒலிகளுக்கு இடையிலான வித்தியாசம் காதுக்கு அரிதாகத்தான் பிடிபடும். அதனால்தான் இதில் ஒரு கோடு வளைந்தால் ஒலியும் படிக்கட்டு ஏறாமல் நீர்போல வளைகிறது. பியானோவில் இது நடக்காது.

கண்டின்ஸ்கி கறுப்பை மௌனம் என்று எழுதினார். ஏ.என்.எஸ்ஸின் முன்னால் அது உவமையாக இல்லாமல் நடைமுறையாகவே இருக்கிறது. கறுப்பு இருக்கும்வரை சத்தம் இல்லை. அரூப ஓவியத்தைப் பார்த்துவிட்டு அதன் பாதிப்பில் இசையமைத்தவர்கள் உலகில் ஏராளம். இங்கே பாதிப்பு என்ற இடைவெளிக்கே வேலை இல்லை. வரைந்த கோடுதான் இசை.

கிடங்குக்குப் போகாத ஓவியம்

1960-ல் மாஸ்கோ இசைக் கல்லூரியில் படிப்பை முடித்த எடுவார்த் ஆர்த்தெமியெவ் என்ற இளைஞர் முர்ஸினிடம் வந்து சேர்ந்தார். 1960-களின் பிற்பகுதியில் ஸ்க்ரியாபின் மியூசியக் கட்டடத்திலேயே ஒரு மின்னணு இசை ஸ்டுடியோ அமைந்தது. யார் பெயரைத் தாங்கியதோ, அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது அந்த இயந்திரம். ஷ்னிட்கே, குபைதுலினா, தெனிஸோவ் எனப் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர்கள் அங்கே வந்து கண்ணாடியைக் கீறினார்கள்.

கண்காட்சியில் அரூப ஓவியம் மாட்டினால் திட்டு விழுந்த அதே பத்தாண்டு அது. அதே நகரத்தில், அரசு ஸ்டுடியோவில், கோடுகளும் திட்டுகளும் புள்ளிகளுமாக வரைந்துகொண்டிருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்தால் கேள்வி கேட்டிருப்பார்கள். ஸ்பீக்கர் வழியாக வந்ததை, விண்வெளிப் படத்துக்கான ஒலி என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த ஒலி உலகத்தின் காதுக்குப் போய்ச்சேர்ந்ததும் சினிமாவால்தான். 1972-ல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசை வென்ற தார்க்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' படத்துக்கு, ஆர்த்தெமியெவ் ஏ.என்.எஸ்ஸைப் பயன்படுத்தினார். சிந்திக்கும் கடல் ஒன்று தன்னைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களின் மனதைப் படிக்கும் கதை. கடலுக்கு எந்த வாத்தியம் பொருந்தும்? வயலின் வைத்தால் மனிதக் குரலாகிவிடும். கண்ணாடியைக் கீறி எடுத்த அந்தப் பெயரில்லாத முனகலும் ரீங்காரமும் கச்சிதமாகப் பொருந்தின. படத்தில் ஓரிடத்தில், ப்ரூகல் என்ற பழைய ஓவியரின் பனிக்கால ஓவியத்தின் மீது கேமரா மெதுவாக ஊர்ந்துசெல்லும். பின்னணியில் மின்னணு ஒலிகள் கசியும். ஃபிலிம் சொசைட்டிகளில் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது.

முர்ஸின் அந்தப் படத்தைப் பார்க்க இல்லை. 1970-லேயே இறந்துவிட்டார். 1970-களின் நடுவில் ஸ்டுடியோவும் மூடப்பட்டது. அதற்குள் புதுப்புது சிந்தசைசர்கள் வெளிநாட்டிலிருந்து வர ஆரம்பித்திருந்தன. இடத்தை அடைக்கும் இந்தப் பெரிய கண்ணாடி இயந்திரம் யாருக்கு வேண்டும்? பழைய இரும்போடு இரும்பாகப் போயிருக்க வேண்டியது. ஸ்டுடியோவில் வேலை பார்த்த இசைக்கலைஞர் ஸ்தனிஸ்லாவ் கிரெய்ச்சியின் முயற்சியால், அது மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் அவர்தான் அதைப் பராமரித்தார், பழுது பார்த்தார், வாசித்தும் காட்டினார். 2000-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் 'காயில்' இசைக்குழுவினர் தேடிவந்து, அதில் படங்களை வரைந்து, 'ஏ.என்.எஸ்.' என்ற பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டார்கள். 2007-ல் கருவி இசை மியூசியத்துக்கு வந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மூன்று இடங்களையும் ஒரே நாளில் பார்க்கலாம். காலையில் ஓவியக்கூடம், மதியம் அர்பாத்தில் சாப்பாடு, பிறகு ஸ்க்ரியாபின் வீடு, கடைசியாக இசை மியூசியம் என்ற வரிசை வசதி. மாஸ்கோவில் பல மியூசியங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. காட்சிக்கூடங்களை அவ்வப்போது மாற்றியும் அமைப்பார்கள். அதனால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் போகிறவர்கள், நுழைவாயிலில் கோட்டைக் கழற்றி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும்.

மாஸ்கோவுக்கு இப்போதைக்குப் போக முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 'விர்ச்சுவல் ஏ.என்.எஸ்.' என்ற மென்பொருள் கம்ப்யூட்டருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் வரைந்தால் அது ஒலியாகும். வீட்டுப் பிள்ளைகள் கோலத்தை வரைந்து, அது எப்படிக் கேட்கிறது என்று சோதித்துப் பார்க்கலாம். முதலில் வருவது இரைச்சலாகத்தான் இருக்கும். கோடுகளைக் குறைக்கக் குறைக்க ஒலி தெளியும். எங்கே வரையாமல் விட வேண்டும் என்பது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

ஏ.என்.எஸ். பலகையில் பூசும் அந்தக் கறுப்புப் பசைக்கு ஒரு விசேஷம் உண்டு. அது காய்வதில்லை. தவறாகக் கீறிவிட்டால், அந்த இடத்தில் பசையைத் தேய்த்து மூடிவிட்டு மறுபடி கீறலாம். ஒருவருடைய படம் முடிந்ததும், பசையை நிரவிவிட்டு அதே கண்ணாடியில் அடுத்தவர் வரையலாம். மாஸ்கோ நகரத்தின் ஒரு தலைமுறை இசையமைப்பாளர்கள் வரைந்துபார்த்த கோடுகளுக்கு இந்தப் பலகை இடம் கொடுத்தது. கோடுகள் மூடிப்போய்விட்டன. அவற்றின் ஒலி ஒலிநாடாக்களிலும் ஒரு கடலின் முனகலிலும் மிச்சமிருக்கிறது.